பழுது என்று சொல்லும் முன்: குடாநாட்டுப் பறவைப் படப்பிடிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



புதிதாக வாங்கிய தொலைப்பட வில்லை, அதாவது பேச்சுவழக்கில் டெலி லென்ஸ் என்றும் பெரிய ஸூம் என்றும் சொல்லப்படும் நீண்ட குவியத் தூரமுடைய வில்லை, கமராவில் பூட்டிய அன்றே வேலை செய்யாததுபோலத் தோன்றினால், அதைப் பழுதென்று முடிவுகட்டிப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடும் வழக்கத்தைப் பற்றியது இம்மடல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இம்முடிவுக்குக் கொடுக்கவேண்டிய விலை பெரிது. இங்குள்ள பலரிடம் இத்தகைய வில்லை வந்து சேர்வது கொழும்புக் கடையொன்றிலிருந்தோ, ரொறன்ரோ, இலண்டன், சூரிச் போன்ற நகரங்களில் வாழும் உறவினரின் பயணப்பெட்டியிலிருந்தோ ஆகும். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கியதாயின், பல நிறுவனங்களின் உத்தரவாதம் விற்பனையான நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாவதாலும், திருப்பிக் கொடுப்பதற்குக் கடைகள் தரும் கால எல்லை குறுகியதாக இருப்பதாலும், பழுதென்று ஒதுக்கப்பட்ட வில்லை பெரும்பாலும் அலுமாரியிலேயே தங்கிவிடுகிறது. அதற்குள் வலசைப் பறவைகள் வந்து தங்கும் ஐப்பசி முதல் பங்குனி வரையான பருவமும் கழிந்துபோகிறது. இவ்வாறு ஒதுக்கப்படும் வில்லையிடத்தில் உண்மையில் ஒரு குறையும் இல்லாதிருக்கக் கூடும் என்பதே இம்மடலின் வாதம். எனவே காரணத்தைத் தேடுவோர் கண்ணாடியிலிருந்து தொடங்காமல், கமராவின் உடல், இடைப்பட்ட தூரம், இடைப்பட்ட காற்று என்னும் மூன்றையும் பார்த்து முடித்த பின்னரே கண்ணாடிக்கு வருவது முறையாகும்.

முதலாவதும் மிகுந்த குழப்பம் தருவதும் வில்லைக்கும் கமராவின் உடலுக்கும் இடையிலான பொருத்தம். வில்லையின் பின்புறமுள்ள உலோக வளையம் கமராவின் வாயில் சரியாகப் பூட்டிக்கொள்வதாலேயே இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன என்று கருதுவது தவறு. நிக்கொன் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய எஃப் வளையத்தை அதன் பின் வந்த கமராக்களிலும் பேணிவந்தது. ஆனால் அவ்வளையத்தின் ஊடாக வில்லையை இயக்கும் முறை பலமுறை மாறியது. 1986இல் வந்த தன்னியக்கக் குவிவு முறையில், அதாவது பேச்சில் ஓட்டோ போகஸ் எனப்படும் வசதியில், வில்லைக்குள் மோட்டர் இல்லை; கமராவின் உடலிலுள்ள மோட்டர், வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு திருகாணிமுனை வழியாக வில்லையைச் சுழற்றியது. பிற்காலத்தில் மோட்டர் வில்லைக்குள்ளேயே வைக்கப்பட்டதால், டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை போன்ற மலிவான உடல்களில் மோட்டரும் திருகாணிமுனையும் விடப்பட்டன. ஆகவே பழைய 70-300 ஏஎஃப் ஜி வில்லையை டி3100 அல்லது டி5300 உடலில் பூட்டினால், அது பூட்டிக்கொள்ளும், ஒளியளவும் சரியாகக் காட்டும், படமும் எடுக்கும், தானாகக் குவியமாட்டாது. இதைப் பழுதென்பது பொருந்தாது, ஏனெனில் அவ்வுடலில் அவ்வில்லை தானாகக் குவிவதற்கான வழியே வைக்கப்படவில்லை. குவிவு வளையத்தைக் கையால் திருப்பி, காட்சிக்கண்ணின் ஓரத்தில் பச்சைப் புள்ளி நிலையாக ஒளிரும் இடத்தில் நிறுத்தினால் அதே வில்லை நல்ல படம் தரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2016ஆம் ஆண்டு முதல் வந்த ஏஎஃப்-பி வகை வில்லைகளில் குவிவை நகர்த்துவது முற்றிலும் மின்சாரமே; கையால் திருப்பும் வளையமும் கண்ணாடியை நேரே தள்ளாமல் மோட்டருக்குக் கட்டளையை மட்டும் அனுப்புகிறது. அக்கட்டளையைப் புரிந்துகொள்ளாத டி90, டி3100, டி5100 போன்ற உடல்களில் இவ்வகை 70-300 வில்லை தானாகவும் குவியாது, கையாலும் குவியாது. பொருத்தமான உடலிலும்கூடக் கமரா உறங்குநிலைக்குச் சென்றதும் அவ்வளையம் வெறுமனே சுழலும். கனொனின் 55-250 எஸ்டிஎம் வில்லையும் இவ்வாறே நடந்துகொள்ளும் என்பதால், வளையம் உடைந்துவிட்டதென்று எண்ணும் முன் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திக் கமராவை எழுப்பிப் பார்க்க வேண்டும். 2015இல் வந்த நிக்கொன் 200-500 வில்லையில் துவாரம், அதாவது ஒளி நுழையும் வழியின் அகலம், மின்காந்தத்தால் இயக்கப்படுவதால், டி90, டி3000 போன்ற பழைய உடல்களில் அத்துவாரத்தைச் சுருக்க இயலாது. துவாரத்தை முழுமையாகத் திறந்தபடியே படமெடுக்க வேண்டும்.

கனொன் நிறுவனம் 1987இல் தன் பழைய வளையத்தைக் கைவிட்டு முற்றிலும் மின்தொடர்பில் இயங்கும் ஈஎஃப் வளையத்தை ஏற்படுத்தியதால், அந்நிறுவனத்தின் சொந்த வில்லைகளில் இத்தகைய சிக்கல் குறைவு. எனினும் பிற நிறுவனங்கள் கனொன் உடலுக்காகச் செய்த பழைய வில்லைகளிற் சில, பிற்காலத்துக் கமராக்களில் துவாரம் முழுமையாகத் திறந்திருக்கும்போது நன்றாக இயங்கி, துவாரத்தைச் சிறிது சுருக்கியவுடன் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். உள்ளிருக்கும் சில்லு பழைய கட்டளைகளை மட்டும் அறிந்திருப்பதே அதற்குக் காரணம். 2018இல் இரு நிறுவனங்களும் மிரர்லெஸ் எனப்படும் ஆடியில்லாக் கமராக்களுக்கெனப் புதிய வளையங்களைக் கொண்டுவந்தபின் இடையில் ஓர் இணைப்பியும் சேர்ந்துகொண்டது. நிக்கொனின் எஃப்டிஇசட் இணைப்பியில் மேற்சொன்ன திருகாணி மோட்டர் இல்லாததால், பழைய வகை வில்லைகள் அதில் கையால் மட்டுமே குவியும். வெளிநாட்டிலிருந்து வில்லை கொண்டுவரும் உறவினருக்குக் கமராவின் நிறுவனப் பெயரை மட்டும் சொல்லியனுப்பாமல், உடலின் முழு மாதிரி எண்ணையும் எழுதி அனுப்புவது இக்காரணத்தால் மிக இன்றியமையாதது.

பொருத்தம் உறுதியானபின், பூட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். கனொன் வில்லையும் நிக்கொன் வில்லையும் எதிரெதிர்த் திசைகளில் சுழன்று பூட்டிக்கொள்பவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவரின் கை பழைய திசையிலேயே சென்று, கிளிக் என்னும் ஓசை கேட்கும் முன் நின்றுவிடுவதுண்டு. அந்த ஓசை வராதவரை மின்தொடர்புப் புள்ளிகள் நேருக்கு நேர் சேர்வதில்லை. கனொன் உடலில் பிழை 01 என்ற செய்தி தோன்றுவது வில்லையுடனான தொடர்பு சீரில்லை என்பதையே குறிக்கும். பஞ்சு உதிராத உலர்ந்த துணியால் இருபுறத்துப் புள்ளிகளையும் மெல்லத் துடைத்தாலே அது நீங்கிவிடக் கூடும். மணற்தாளால் உரசுவது புள்ளிகளின் பூச்சையே நீக்கிவிடும். எழுதழிப்பானால் தேய்ப்பதோ துகள்களைக் கமராவின் வாய்க்குள் விழச் செய்யும். நிக்கொனின் பழைய 55-200 வில்லைக்குப் பின்வந்த இரண்டாம் பதிப்பும் கனொனின் 600, 800 மில்லிமீற்றர் எஃப்/11 வில்லைகளும் மடங்கிய நிலையிலிருந்து வெளியே இழுக்கப்பட்ட பின்னரே படமெடுப்பவை. 150-600 வகை வில்லைகளில் ஸூம் வளையம் இறுகிக்கிடந்தால், தூக்கிச் செல்லும்போது குழல் சரிந்து நீளாதிருக்க வைக்கப்பட்ட பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் போதும். கைமாறி வந்த கமராக்களைப் பொறுத்தமட்டில் இன்னொன்றும் உண்டு: முன்பு வைத்திருந்தவர் குவிவுக் கட்டளையை ஷட்டர் பொத்தானிலிருந்து நீக்கிப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றியிருந்தால், பாதி அழுத்தத்துக்கு எந்த வில்லையும் அசையாது. இதைக் கண்டுபிடிக்கக் கமராவுடன் வந்த சிறு வில்லையை ஒரு நிமிடம் பூட்டிப் பார்த்தாலே போதும்; அதுவும் குவியாவிட்டால் குற்றம் புதிய வில்லையிடம் இல்லை.

அடுத்து வருவது தூரம். நீண்ட வில்லைகள் அருகிலுள்ள பொருளில் குவிய இயலாதவை; சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி வில்லைக்கு மிகக்குறைந்த தூரம் 2.8 மீற்றர், கனொனின் 800 மில்லிமீற்றர் எஃப்/11 வில்லைக்கோ 6 மீற்றர். இவ்வியல்பான எல்லைக்கு மேல், குவிவுத் தேடலை விரைவாக்குவதற்கென்று தூரவரம்புச் சுவிட்ச் ஒன்றும் குழலின் பக்கத்தில் இருக்கும். சிக்மாவில் அச்சுவிட்ச் 10 மீற்றருக்கு அப்பால் என்ற நிலையிலும், நிக்கொன் 200-500இல் 6 மீற்றருக்கு அப்பால் என்ற நிலையிலும் இருந்தால், வீட்டு விறாந்தையில் நின்று முற்றத்துச் செவ்வரத்தம் பூவை நோக்கிச் சோதிப்பவருக்கு வில்லை முன்னும் பின்னும் ஓடித் தோற்று நிற்பதே காணக்கிடைக்கும். அதே சுவிட்ச் 10 மீற்றருக்கு உட்பட்ட நிலையில் இருந்தாலோ பூவில் அழகாகக் குவியும் வில்லை கடனீரேரியின் நடுவே நிற்கும் பூநாரைக் கூட்டத்தில் ஒருபோதும் குவியாது. புதிய வில்லை கையில் வந்த அன்று வீட்டுக்குள்தான் சோதிக்கப்படுகிறது என்பதால், முதல் நாளின் ஏமாற்றத்துக்கு இச்சுவிட்சைப் போல் இயல்பான காரணம் வேறில்லை.

குவிந்தும் படம் தெளிவில்லை என்னும் முறைப்பாடு வேறு வகையானது. முழுச்சட்டக் கமராவில் 600 மில்லிமீற்றர் வில்லை 100 மீற்றர் தொலைவில் 6 மீற்றர் அகலத்தை மட்டுமே காண்கிறது. அந்தச் சிறு பரப்பில் கையின் ஒவ்வோர் அதிர்வும் பெருகித் தெரியும். சிறுசட்டக் கமராவில் அதே வில்லையின் துவாரம் 6.3ஆக இருக்க, 10 மீற்றர் தொலைவிலுள்ள மீன்கொத்தியின்மேல் தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். கண்ணில் விழவேண்டிய குவிவு இறக்கை நுனியில் விழுந்தால் முகம் மங்கிவிடும். எனவே ஷட்டர் வேகம் நொடியில் 1000இல் ஒரு பங்காவது இருக்கும்படி வைத்துப் பார்த்தபின்னரே தெளிவைப் பற்றிப் பேச வேண்டும். டெலிகன்வேர்ட்டர் எனப்படும் பெருக்கி இடையில் பூட்டப்பட்டிருந்தால் வெளிச்சம் குறைந்து, பல பழைய உடல்களில் தன்னியக்கக் குவிவே நின்றுவிடும். காட்சிக்கண்ணில் எல்லாம் மங்கலாகவும் எடுத்த படம் தெளிவாகவும் இருந்தால், காட்சிக்கண்ணின் அருகேயுள்ள பார்வைத்திருத்தச் சக்கரம் நகர்ந்திருக்கிறது. வில்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி காற்று. இம்மடல் குடாநாட்டவருக்கென்றே எழுதப்படுவதன் முதன்மைக் காரணம் இதுவே. காற்றின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளிக்கதிரை வளைக்கும் அளவு, வெப்பத்துக்கேற்ப மாறுகிறது; சூடேறிய தரையையொட்டிய காற்று அடர்த்தி குறைந்து மேலெழ, அதன்மேலுள்ள குளிர்ந்த காற்று கீழிறங்க, இரண்டும் கலக்கும் அடுக்கினூடாக வரும் ஒளி நொடிக்கு நொடி வெவ்வேறு விதமாக வளைகிறது. தார்வீதியில் கானல் நீராகக் கண்ணுக்குத் தெரிவதும் இந்த வளைவே. வெறுங்கண்ணால் காணமுடியாத அளவு சிறிதாக இருக்கும்போதும், நீண்ட வில்லை அதனைப் பெருக்கிக் காட்டிவிடும். குடாநாட்டின் பறவைத் தளங்கள் யாவும் இவ்விளைவுக்கென்றே அமைந்தவைபோல் உள்ளன: யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமற்றது, நீர் வற்றும் காலத்தில் சேற்றுவெளியும் உப்புப்படிவும் வெயிலில் காய்கின்றன, பண்ணை, பொன்னாலை ஆகிய தாம்போதிகளின் தார்ப்பரப்பும் கல்லணையும் படமெடுப்பவரின் காலடியிலேயே கொதிக்கின்றன, தொண்டைமானாற்று உவர்நீர்வெளியிலும், 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட சுண்டிக்குளத்திலும் பறவைகள் கரையிலிருந்து வெகுதொலைவில், நீரையும் சேற்றையும் ஒட்டிய மட்டத்திலேயே நிற்கின்றன. ஆகவே ஒளி கடந்துவரும் பாதை முழுவதும் சூடான காற்றடுக்கினுள்ளேயே கிடக்கிறது.

இதன் அடையாளங்கள் தெளிவானவை. ஒரே நிலையில் நின்று தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களில் கூழைக்கடாவின் அலகு ஒவ்வொன்றிலும் வெவ்வேறாக நெளிந்திருந்தால், அல்லது இறகுகள் நீர்வண்ணத்தில் தீட்டியவைபோல் கரைந்திருந்தால், காற்றே காரணம். வில்லையின் குறையாயின் எல்லாப் படங்களும் ஒரே விதமாக மங்கியிருக்கும். அதிர்வுநிலைப்படுத்தி, அதாவது கையசைவை ஈடுசெய்யும் உட்பொறி, காற்றசைவை ஈடுசெய்யாது. விலையுயர்ந்த வில்லை வாங்குவதாலும் இது தீராது; அது கானலைக் கூடுதல் நுணுக்கத்துடன் பதிவுசெய்யும், அவ்வளவே. வாகனத்தின் யன்னலில் வில்லையை வைத்து எடுப்பவர்கள், உள்ளிருக்கும் குளிர்காற்றும் வெளியிலுள்ள வெயிற்காற்றும் வில்லையின் வாயிலேயே மோதிக்கொள்வதை நினைவிற்கொள்ள வேண்டும். சூரியன் எழுந்த முதல் மணிநேரத்திலும், மழை ஓய்ந்த மேகமூட்டத்திலும், மாரியின் வாடைக்காற்று நிலத்தைக் குளிர்வித்திருக்கும் காலைகளிலும் அதே இடத்தில் அதே வில்லையால் எடுக்கும் படம் வேறொரு வில்லையின் படம்போல் தோன்றும். நண்பகலில் பண்ணையில் எடுத்த படத்தைச் சான்றாகக் காட்டி ஒரு வில்லையை மட்டம் என்று கூறுவது அவ்வில்லைக்கு இழைக்கும் அநீதி என்றே கூற வேண்டும்.

இம்மூன்றையும் விலக்கிய பின்னரே கண்ணாடியைச் சோதிக்கும் முறை பயன்படும். அன்றைய உதயன் பத்திரிகையின் எழுத்து நிறைந்த பக்கமொன்றை வெயில் படாத மதிலில் ஒட்டி, 10 முதல் 15 மீற்றர் தொலைவில் முக்காலியில் கமராவை நிறுத்தி, முன்னால் பூட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி, அதிர்வுநிலைப்படுத்தியை அணைத்து, கை படாமல் இரண்டு நொடித் தாமதத்தில் அதிகாலையில் எடுக்க வேண்டும். காட்சிக்கண்வழி குவித்து ஒன்றும், பின்திரையின் நேரடிக் காட்சிவழி குவித்து ஒன்றுமாக எடுத்து ஒப்பிட்டால், பின்னது தெளிவாகவும் முன்னது மங்கலாகவும் இருக்குமிடத்து வில்லையின் கண்ணாடி நன்றாகவே உள்ளது. கமராவின் குவிவுணரிக்கும் வில்லைக்கும் இடையிலான அளவுவேறுபாடே திருத்தப்பட வேண்டியது, அதற்குரிய நுண்திருத்த வசதி நடுத்தர உடல்கள் பலவற்றின் பட்டியலிலேயே உண்டு. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு: சிறு வில்லையில் தீங்கு தெரியாத மலிவான கண்ணாடி, நீண்ட வில்லையின் முன்னால் படத்தை வெளிப்படையாகக் கெடுத்துவிடும். இரண்டு முறையிலும் பத்திரிகையின் ஒரு பக்க எழுத்து மட்டும் மங்கி மறுபக்கம் கூர்மையாக இருந்தால், மதிலுக்குக் கமரா நேராக நிற்பதை மீண்டும் உறுதிசெய்து பார்த்து, அப்போதும் அதே பக்கமே மங்குமாயின், உள்ளே ஒரு கண்ணாடி தன் அச்சிலிருந்து விலகியிருக்கிறது என்று கொள்ளலாம். அதுவே உண்மையான பழுது.

கமரா அணைந்திருக்கும்போது குழலை அசைத்தால் உள்ளே ஏதோ ஆடும் ஓசை கேட்பது அதிர்வுநிலைப்படுத்தி உள்ள வில்லைகளில் இயல்பு. அதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியவை உப்பும் மணலும் ஈரமுமே, ஏனெனில் இன்று நன்றாயிருக்கும் வில்லையை இரண்டு மாரிக்குள் உண்மையாகவே பழுதாக்குபவை இவை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் செல்லும்போது தெறிக்கும் கடல்நீர் உலர்ந்து உப்பாகி வளையத்திலும் மின்புள்ளிகளிலும் தங்குகிறது. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழலின் வெளிப்புறத்தை அன்றே துடைப்பது அவசியம். மணற்காட்டு மணற்கும்பிகளில் சோளகக்காற்று வீசும் நாட்களில் ஸூம் குழல் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் காற்றையும் நுண்மணலையும் உள்ளிழுப்பதால், அங்கு ஒரே நீளத்தில் வைத்துப் படமெடுப்பதே நல்லது. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு வந்தால் கண்ணாடியில் பனிபோல் ஈரம் படியும்; பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்தால் அது தோன்றாது. மாரிகாலத்தில் தோற்பைக்குள் பூட்டிவைத்த வில்லையில் பூஞ்சை படர்வது உறுதி எனக் கொண்டு, காற்றுப்புகாப் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தல் வேண்டும்.

உண்மையான பழுதென்று தெளிந்தபின் வில்லையைத் திருத்துநரிடம் அனுப்புவோர், வேலை செய்யவில்லை என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதி அனுப்புவதால் பயனில்லை. கமரா உடலின் மாதிரி எண், தோன்றிய பிழைச்செய்தி, அது தோன்றும் குவியத் தூரமும் துவார அளவும், வேறோர் உடலில் பூட்டியபோது நிகழ்ந்தது, பத்திரிகைச் சோதனையின் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால், தொலைவிலுள்ள திருத்துநர் முதல் நாளிலேயே சரியான இடத்தைத் திறப்பார்.

இவ்விவரங்களுள் வேறோர் உடலில் பூட்டிப் பார்ப்பதே மிகுந்த பயனுடையதும், தனியொருவரால் செய்யமுடியாததுமாகும். ஒரு கமரா மட்டும் வைத்திருக்கும் மாணவர், மாமனோ சித்தியோ அனுப்பிய வில்லையை எந்த உடலில் சோதிப்பார்? ஆகவே இம்மடல் குடாநாட்டில் நெடுங்காலமாகப் பறவைகளைப் படமெடுத்துவரும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறது. ஒரு படத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்த மாத்திரத்தில் வில்லை சரியில்லை, விற்றுவிடு என்று இளையவர்களுக்குச் சொல்வதைத் தவிர்த்து, ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்தில், வலசைப் பறவைகள் வந்திறங்கும் முன், ஒரு ஞாயிறு அதிகாலையில் தத்தமது கனொன், நிக்கொன், சோனி உடல்களுடனும் ஒரு முக்காலியுடனும் நிழல்மதில் உள்ள ஏதேனுமொரு பாடசாலை வளவில் கூடவேண்டும். புதிய வில்லை வைத்திருப்பவர்கள் அதைப் பெட்டியோடு கொண்டுவரவேண்டும். ஒரு வில்லையைப் பார்த்து முடிக்க அரைமணி நேரம் போதும். வெயில் ஏறுமுன் ஐந்தாறு வில்லைகளைப் பார்த்துவிடலாம்.